சில்லறைக் காசும் சரித்திரமும்



நாள்தோறும் நம் கைகளில் ஏறி இறங்கும் பொருள்களுள் நாம் மிகக் குறைவாக உற்றுநோக்கும் பொருள் யாது என்று கேட்டால், சில்லறைக் காசு என்றே விடை கூற வேண்டும். கடைக்காரர் மீதி தருகிறார். வாங்கிச் சட்டைப்பையிற் போட்டுக்கொள்கிறோம். பேருந்து நடத்துநர் கேட்கிறார், எடுத்துக் கொடுக்கிறோம். காசின் பெறுமதியை நம் கண் அறிகிறது. காசை நம் கண் காண்பதில்லை. இந்தக் கவனக்குறைவினால் நாம் இழப்பது என்ன, சற்றே உற்றுநோக்குவோர் பெறுவது என்ன என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

முதலில் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள ஒரு பெரிய பலசரக்குக் கடைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். கடையின் வாயிலருகே, ஓர் அலுமாரியின் அளவினதாய்ப் பொறியொன்று நிற்கும். அது காசெண்ணும் பொறி. அந்நாட்டு மக்கள் அன்றாடம் சேரும் சில்லறையைக் கண்ணாடிப் போத்தல்களிலும் உண்டியல்களிலும் போட்டு வைப்பார்கள். போத்தல் நிரம்பியதும் அதனைச் சுமந்துவந்து இந்தப் பொறியின் தட்டிலே கவிழ்ப்பார்கள். பொறி கலகலவென்று காசுகளை விழுங்கும், எண்ணும், தன் கூலியைக் கழித்துக்கொண்டு, மீதித் தொகையைக் குறித்த சீட்டொன்றை நீட்டும். சீட்டைக் கடையிற் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். 1990ஆம் ஆண்டுகளில் இத்தகைய பொறிகள் அந்நாட்டுக் கடைகளிற் பரவத் தொடங்கின.

இந்தப் பொறி எவ்வாறு ஒரு காசை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறது? அதற்குக் கண் இல்லை. எழுத்து வாசிக்கவும் தெரியாது. முதலில் துளையிட்ட உருளையொன்று தூசியையும், ஊசி, பொத்தான் முதலியவற்றையும் சலித்து நீக்குகிறது. பின்னர்க் காசுகள் ஒவ்வொன்றாக ஒரு சரிவின் வழியே ஓடுகின்றன. அவ்வழியில் மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. காசு அதனைக் கடக்கும்போது சுருளின் காந்தப்புலம் சிறிது மாறுகிறது. அம்மாற்றம் காசின் பருமனையும், அது எந்த உலோகத்தால் ஆனது என்பதையும் பொறுத்தது. பொறி அந்த அடையாளத்தைத் தன்னிடமுள்ள கணக்கோடு கண்ணிமைக்கும் நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்திருந்தால் உள்ளே விடுகிறது. ஒத்திராவிட்டால் கீழேயுள்ள சிறு கிண்ணத்தில் தள்ளிவிடுகிறது.

அந்தக் கிண்ணத்தில் விழுவன எவை? வளைந்த காசு, பிறநாட்டுக் காசு, விளையாட்டுச் சாலைகளின் வில்லைகள் ஆகியன விழும். அவற்றோடு மற்றொன்றும் பெரும்பாலும் அங்கே வந்து விழும். அது வெள்ளிக் காசு. உலோகங்களுள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. ஆதலால், இன்றைய நிக்கல் கலந்த காசு தரும் அடையாளத்தை வெள்ளிக் காசு தருவதில்லை. "நீ என் கணக்கில் இல்லை" என்று பொறி அதனைப் புறந்தள்ளுகிறது. கொண்டுவந்தவரோ, அது ஏதோ செல்லாக்காசு என எண்ணி, கிண்ணத்தைத் திரும்பியும் பாராமல் போய்விடுகிறார். உள்ளே சென்றவற்றுக்கெல்லாம் மேலான காசு வெளியே கிடக்கிறது. இதனை அறிந்த நாணயச் சேகரிப்பாளர்கள் அப்பொறியைக் கடக்குந்தோறும் அந்தக் கிண்ணத்தில் ஒரு கண் வைப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

வெள்ளிக் காசு ஏன் புழக்கத்தில் அத்துணை அரிதாயிற்று? இதற்கு விடை 1965ஆம் ஆண்டிலே கிடைக்கிறது. 1964ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் பத்துச் சதம், கால் டொலர், அரை டொலர் ஆகிய நாணயங்கள் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளியும் 10 பங்கு செம்பும் கொண்டவையாக இருந்தன. வெள்ளியின் தேவை பெருகிற்று, விலை ஏறிற்று. நாணயத்துக்கு வெள்ளி போதாது என்ற நிலை தோன்றவே, ஜனாதிபதி ஜோன்சன் 1965 யூலை 23ஆம் நாள் புதிய நாணயச் சட்டத்திற் கையொப்பமிட்டார். பத்துச் சதத்திலிருந்தும் கால் டொலரிலிருந்தும் வெள்ளி முற்றாக நீக்கப்பட்டது. நடுவே செம்பும், இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடும் கொண்ட புதிய காசுகள் வெளிவந்தன. அரை டொலரில் மட்டும் 1970 வரை நூற்றுக்கு 40 பங்கு வெள்ளி இருந்தது.

கையொப்பமிட்ட அன்று ஜனாதிபதி மக்களுக்கு ஓர் உறுதிமொழியும் கூறினார். அரசிடம் வெள்ளி நிறைய இருக்கிறது. அதன் விலை ஏறாதபடி பார்த்துக்கொள்வோம். ஆகவே வெள்ளிக் காசைப் பதுக்குவோருக்கு இலாபம் கிட்டாது என்பதே அதன் பொருள். மக்கள் அதனை நம்பவில்லை. 1967இல் அரசு வெள்ளியின் விலையைத் தாங்கிப் பிடிக்கும் முயற்சியைக் கைவிட்டது. சில ஆண்டுகளுக்குள் கோடிக்கணக்கான வெள்ளிக் காசுகள் கடைகளிலிருந்தும் கல்லாப்பெட்டிகளிலிருந்தும் மறைந்துவிட்டன.

இரண்டு காசுகள் ஒரே பெறுமதி உடையனவென்று சட்டம் கூறும்போது, மக்கள் குறைந்த உலோகத்தாலானதைச் செலவழித்து, உயர்ந்ததை வைத்துக்கொள்வர். தீய நாணயம் நல்ல நாணயத்தை விரட்டும் என்று பொருளியலார் இதனைக் கூறுவர். கிரஷாம் விதி என்று பெயரும் இட்டுள்ளனர். நம் இல்லத்தரசியர் இதனை விதியென்று அறியாமலே பின்பற்றி வருகின்றனர். கையில் கிழிந்த தாளும் புதிய தாளும் இருந்தால், மீன்காரருக்கு அவர்கள் எதனைக் கொடுப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை!

இவ்வாறு மறைந்த காசுகள் எவ்வாறு மீண்டும் வெளிவருகின்றன? பாட்டனார் ஒருவர் 1960ஆம் ஆண்டுகளிலே பக்குவமாக எடுத்துவைத்த காசுகள் பெட்டியிலே உறங்குகின்றன. அவர் மறைகிறார். பெட்டியைத் திறந்த பேரப்பிள்ளைக்கு அவை வெறுஞ் சில்லறையாகவே தோன்றுகின்றன. பையிலே கொட்டிப் பொறியிலே கவிழ்க்கிறான். அந்த வேளையிற் பொறி தள்ளிவிடும் ஒவ்வொரு காசும் ஒரு முதியவரின் முன்யோசனை என்பதை எண்ணும்போது சற்றே மனம் வருந்துகிறது.

வெள்ளியை அறிந்துகொள்ள அமெரிக்கர் கையாளும் முறை எளிது. காசின் விளிம்பைப் பார்க்கிறார்கள். புதிய காசின் விளிம்பிலே செம்பின் பழுப்பு நிறக் கோடு தெரியும். வெள்ளிக் காசின் விளிம்பு முழுவதும் வெண்மையாக இருக்கும். எடையிலும் வேறுபாடு உண்டு. வெள்ளிக் கால் டொலர் 6.25 கிராம், புதியது 5.67 கிராம். மேசையிற் போட்டால் ஒலியும் வேறுபடும். வெள்ளி மணிபோல் ஒலிக்கும்.

ஆயினும், பொறி செய்யும் உதவி உலோகத்தோடு நின்றுவிடுகிறது. ஓர் அரிய காசு மற்றைக் காசுகளின் உலோகத்தாலேயே ஆகியிருந்தால், பொறி அதனை மற்றவற்றோடு சேர்த்து விழுங்கிவிடும். ஆண்டையும், அக்கசாலைக் குறியையும், அச்சிலே நேர்ந்த பிழையையும் காண மனிதக் கண்தான் வேண்டும். இதற்காகவே சிலர் வங்கிக்குச் சென்று, சுருள் சுருளாகக் கட்டிய காசுகளைப் பெறுமதி கொடுத்து வாங்கி, வீட்டிலே ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைத் திரும்பக் கொடுத்துவிடுகின்றனர். பல சுருள்களைப் பிரித்தும் ஒன்றும் கிடைக்காத நாள்களே மிகுதி. தூண்டில் போடுவோருக்கு வேண்டிய பொறுமை இவர்களுக்கும் வேண்டும்.

இவ்வாறு தேடப்படும் காசுகளின் பின்னே சுவையான வரலாறுகள் உள்ளன. இரண்டாவது உலகப்போரின்போது படைக்கலங்களுக்கு நிக்கல் தேவைப்பட்டது. ஆகவே, 1942ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 1945 வரை அமெரிக்க ஐந்துசத நாணயம் நிக்கல் இல்லாமல், நூற்றுக்கு 35 பங்கு வெள்ளி சேர்த்து அடிக்கப்பட்டது. இதனைப் பின்னர் அடையாளம் காண்பதற்காக, நாணயத்திலுள்ள கட்டடத்தின் கூரைக்கு மேலே அக்கசாலையின் எழுத்தைப் பெரிதாகப் பொறித்தனர்.

அவ்வாறே செம்பும் போருக்கு வேண்டியிருந்தது. ஆகவே 1943ஆம் ஆண்டின் ஒருசத நாணயம் துத்தநாகம் பூசிய உருக்கினால் அடிக்கப்பட்டது. ஆயினும் முந்தைய ஆண்டில் எஞ்சிய வெண்கல வில்லைகள் சில எவ்வாறோ பொறியிலே அகப்பட்டு, 1943 என்னும் ஆண்டைத் தாங்கி வெளிவந்துவிட்டன. 1947ஆம் ஆண்டில் மசாச்சுசெட்ஸ் மாநிலத்திலே பள்ளிச் சிறுவன் ஒருவன், பாடசாலை உணவுச்சாலையில் தனக்குக் கிடைத்த மீதிக் காசில் இத்தகைய ஒன்றைக் கண்டான். அதிகாரிகளிடம் விசாரித்தபோது, அந்த ஆண்டிலே செப்புக் காசு அடிக்கப்படவே இல்லை என்ற விடை வந்தது. அவன் காசை எறிந்துவிடவில்லை, விற்றுவிடவுமில்லை. முதியவராகும்வரை தன்னிடமே வைத்திருந்தான். அவர் மறைந்தபின் 2019ஆம் ஆண்டிலே அந்தக் காசு இரண்டு இலட்சம் டொலருக்கும் மேலாக ஏலத்தில் விலைபோயிற்று. அதிகாரியின் மறுப்பைக் காட்டிலும் தன் கண்ணை நம்பிய சிறுவனின் கதை இது.

ஆனால், இக்கதையைக் கேட்டு ஏமாந்தவர்களும் பலர். உருக்குக் காசுக்குச் செப்பு முலாம் பூசி விற்றோர் அனேகர். அவர்களின் வஞ்சனையை வெளிப்படுத்த ஒரு சிறு காந்தமே போதும். உருக்கு ஒட்டும், வெண்கலம் ஒட்டாது.

மற்றொரு கதையிலே பொறியும் சிகரெட்டும் வருகின்றன. 1955ஆம் ஆண்டிலே பிலடெல்பியா அக்கசாலையில் ஒரு அச்சுப் பிழைபட்டது. ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாகத் தோன்றும் ஒருசதக் காசுகள் ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டன. பிழை தெரியவந்தபோது அவை நல்ல காசுகளின் பெருங்குவியலோடு கலந்துவிட்டன. குவியல் முழுவதையும் உருக்குவதற்கு மனமின்றி, அப்படியே வெளியே விட்டனர். அக்காலத்திலே சில இடங்களிற் சிகரெட் விற்கும் பொறிகள் இருந்தன. பெட்டியின் விலை 23 சதம். பொறியோ கால் டொலரையே ஏற்கும். ஆகவே மீதி இரண்டு சதத்தையும் பெட்டியின் மேலுறைக்குள்ளே முன்கூட்டியே செருகி வைத்திருந்தனர். அந்த இரட்டை எழுத்துக் காசுகள் பல, புகைப்போரின் கைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தன. இன்று அவற்றுள் ஒன்று ஆயிரம் டொலருக்கும் மேற்பட்ட விலை பெறுகிறது. எத்தனை பேர் சிகரெட்டை வைத்துக்கொண்டு காசைச் செலவழித்தார்களோ!

மக்களுக்கு இத்தேடலில் உள்ள ஆர்வத்தை அறிந்த அமெரிக்க அக்கசாலையே, 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும், ஒவ்வொரு வடிவத்திலும் 20 இலட்சம் வீதம், தனிக் குறி பொறித்த கால் டொலர்களை வேண்டுமென்றே புழக்கத்திற் கலந்துவிட்டது. 2025 நவம்பரிலோ, புழக்கத்துக்கென ஒருசத நாணயம் அடிப்பதை அது நிறுத்திவிட்டது. 1793ஆம் ஆண்டு முதல் அடிக்கப்பட்டுவந்த காசு அது. நேற்றுவரை தரையிற் கிடந்தாலும் குனிந்து எடுக்கத் தயங்கிய காசை, இன்று பலர் எடுத்து ஆண்டு பார்க்கின்றனர்.

நேயர்களே, இவையெல்லாம் கடல்கடந்த கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். வெள்ளி மறைந்த வரலாறு நம் நாட்டுக்கும் உண்டு. 1942ஆம் ஆண்டு வரை இலங்கையின் ஐம்பதுசத நாணயத்திலே பாதிக்கு மேல் வெள்ளி இருந்தது. 1943ஆம் ஆண்டு பொறித்த காசோ நிக்கல் கலந்த பித்தளை. ஒருபுறம் அரசரின் தலை. மறுபுறம் தாளிப்பனை பொறித்த பழைய வெள்ளிக் காசு சிலருடைய வீட்டுப் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். சதுரமான ஐந்து சதத்தையும், விளிம்பு பூவிதழ்போல் வளைந்த இரண்டு சதத்தையும், பத்துச் சதத்தையும் நம் முதியோர் நினைவுகூர்வர். 1957ஆம் ஆண்டிலே புத்த ஜயந்தியின் நினைவாக வெள்ளியில் ஐந்து ரூபா நாணயம் வெளியிடப்பட்டது. அண்மைக் காலத்தையே எடுத்துக்கொண்டால், 2013 என்னும் ஆண்டு பொறித்து, 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பத்து ரூபா நாணயங்கள் வெளிவந்தன. அவற்றுள் உங்கள் மாவட்டத்தின் நாணயம் உங்கள் கையைக் கடந்து சென்றதை நீங்கள் கவனித்தீர்களா?

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகிறேன். என் அம்மம்மாவிடம் பனையோலையாலான கொட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பாக்கும் புகையிலையும் தீர்ந்த பின்னும் அதன் அடியிலே ஒன்று எப்போதும் கிடக்கும். அது விக்டோரியா மகாராணியார் காலத்து ஐந்துசதச் செப்புக் காசு. பெரியது, கனமானது, கருமையேறியது. அவருடைய தகப்பனார் முதன்முதலிற் கூலியாகப் பெற்ற காசு அதுவென்று சொல்வார். ஒருநாள் அதனை எனக்கே தந்தார். அவரை மகிழ்விக்க எண்ணிய நான், கிணற்றடியில் அமர்ந்து, புளியும் சாம்பலும் இட்டு, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் அதனைத் தேய்த்தேன். காசு தங்கம்போல் மின்னிற்று. ஓடிப்போய்க் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவாயிருக்கு, மேனை" என்றார். ஆனால் அதன்பின் அந்தக் காசை அவர் கேட்டதேயில்லை.

பல ஆண்டுகள் கழித்து, நாணயங்களை நன்கறிந்த பெரியவர் ஒருவரிடம் அதனைக் காட்டினேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நூறு ஆண்டு செய்த வேலையை நீர் அரை மணித்தியாலத்தில் அழித்துவிட்டீர்" என்றார். செம்பின்மேல் காலம் படியவிட்ட கருமை அழுக்கன்று. அதுவே அதன் காப்பு. புளியின் காடி அதனை அரித்தது. சாம்பலின் மணல் மகாராணியாரின் கூந்தலைத் தேய்த்தது. சேகரிப்பாளர் கண்ணில் அது பழுதுபட்ட காசு. காசின் விலை போனதற்காக நான் வருந்தவில்லை; அம்மம்மா கண்ட காசு அதுவல்லவே என்று இன்றும் வருந்துகிறேன். ஆகவே, நேயர்களே, உங்களிடம் பழைய காசு இருக்குமானால், அதனைத் துலக்காதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். உலர்ந்த கடதாசி உறையில் இடுங்கள். யாருடையது, எப்போது கிடைத்தது என்று ஒரு துண்டில் எழுதி உடன் வையுங்கள்.

மற்றுமோர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. பழமை வேறு, அருமை வேறு. நான்காம் நூற்றாண்டு உரோமரின் சிறு வெண்கலக் காசுகள் இலங்கையின் பல இடங்களிலே குவியல் குவியலாக அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கடந்தவையாயினும், ஏராளமாகக் கிடைப்பதால் தேய்ந்த ஒன்றுக்குப் பெருவிலை இல்லை. நாம் கண்ட 1955ஆம் ஆண்டின் பிழைபட்ட காசோ, நம்மிற் பலரின் வயதை ஒத்தது. விலையோ மிக அதிகம். எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனை பேர் விரும்புகின்றனர், எந்நிலையில் உள்ளது என்னும் மூன்றுமே விலையை நிருணயிக்கும். இதனை அறியாதாரைத் தேடியே இன்று கைத்தொலைபேசிகளில் விளம்பரங்கள் வருகின்றன. "உங்களிடமுள்ள பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருவோம், பதிவுக் கட்டணத்தை மட்டும் முன்னே அனுப்புங்கள்" என்பார்கள். காசை வாங்க வருபவர் உம்மிடமே காசு கேட்டால், அங்கே விற்கப்படுவது காசன்று, உமது பேராசை.

ஆகவே இன்று மாலை வீடு திரும்பியதும், சட்டைப்பையிலுள்ள சில்லறையை மேசைமேற் கொட்டுங்கள். பிள்ளைகளை அருகே அழையுங்கள். ஆண்டைப் படிக்கச் சொல்லுங்கள். இலச்சினையைப் பார்க்கச் சொல்லுங்கள். இது எதனாலானது, ஏன் மாறிற்று என்று கேளுங்கள். பெருஞ்செல்வம் கிடைக்குமென்று நான் உறுதிகூறமாட்டேன். பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் போரும் பஞ்சமும், ஆட்சி மாற்றமும் விலையேற்றமும் அந்தச் சிறு வட்டங்களிலே பதிந்துகிடப்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். வீட்டிலுள்ள முதியவர் ஒருவர், கேளாமலே, தம் காலத்துக் கதையொன்றைச் சொல்லத் தொடங்குவார். அதனைப் பொறியெதுவும் எண்ணித் தராது.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். தான் அறியாததை ஏற்காமல் கிண்ணத்திலே தள்ளுவது பொறியின் இயல்பு. நாம் பொறிகள் அல்லோம். பயனற்றதென்று பிறர் தள்ளிய ஒன்றைக் கையிலெடுத்து, விளிம்பைப் பார்த்து, ஒலியைக் கேட்டு, அதன் உண்மையான தரத்தை அறிந்துகொள்ளும் பொறுமை நமக்கு இருக்க வேண்டும். அது காசுக்கும் பொருந்தும், மனிதருக்கும் பொருந்தும்.